கண்ணை மூடித் தாண்டிய கோடு

ஆறு மைல் தூரத்தை ஏழு கடல் தூரமாக்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பாறசாலைக்காரர். டுட்டோரியலில் இங்கிலீஷ் நடத்தினார். ஊர் வைத்த பெயர் உவமை சார்.

நான் எட்டாம் வகுப்போடு தப்பித்து பஸ் கண்டக்டரானவன். பிரேக் பிடிக்குமா, பாலம் தாங்குமா என்று எனக்குத் தினமும் ஆயிரம் பயம். சாருக்கு ஒரே கவலை, எல்லை. மாநிலங்களைப் பிரித்த போராட்ட நாட்களில் எங்கள் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர். கடைசியில் கோடு களியக்காவிளையில் விழுந்தது. சார் இந்தப் பக்கம், கேரளத்தில். படுக்கையில் கிடந்த தாயைப் பார்க்கக் குழித்துறைக்குப் போயிருந்த அவர் மனைவி அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்.

"அந்தக் கோட்ட நான் ஒத்துக்கிடல்ல. தாண்டினா ஒத்துக்கிட்டதா ஆவும். தாண்டமாட்டேன், ஆக்கும்!"

அதனால் என் கையில் மனைவிக்குக் கடிதம்.

"நானும் தாண்டித்தானே போறேன் சாரே?"

"நீ படிக்காதவன். ஒனக்குக் குத்தமில்ல."

கொடுப்பதற்கு முன் பஸ் படிக்கட்டில் நின்று வாசித்தும் காட்டுவார். "பழைய இங்கிலீஷ் கவிஞர்மாரில ஒரு கூட்டம் உண்டு மக்கா. பிரிவுன்னா நிலாவக் கூப்பிடமாட்டான். ஆசாரிக்க பட்டறையில கெடக்க சாமானத் தூக்கி, இதாக்கும் நம்ம காதல், அறாதுன்னு நிரூபிச்சிருவான்." சாரும் நிரூபித்தார். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பை வெட்டி இரண்டு விளையில் நட்டாலும் கிழங்கு ஒன்றுதான், நாமும் அப்படியே என்று ஒரு வாரம் எழுதினார்.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். "கெழங்கு வேவட்டும் சாரே, வண்டி எடுக்கணும்!"

ஒருநாள் மனைவியின் தாய் இறந்துபோனாள். செய்தி கொண்டுவந்தவன் நான். "இண்ணைக்காவது வாரும் சாரே" என்று கெஞ்சினேன். அழுதார். ஏறவில்லை. நாலு பக்கம் எழுதித் தந்தார்.

அதில் உவமை கரமடி, கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலை. கரையில் ஒருவன் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நிற்கிறான். வள்ளம் கடலில் வளைந்துபோய், மறுமுனையோடு அதே கரைக்கு வருகிறது. நிற்பவன் நான், வருபவள் நீ.

அவர் மனைவி அதைச் சாவு வீட்டு வாசலில் நின்றே படித்தாள்.

"ஒங்க சாரு கரமடி பாத்திருக்காரா?"

"தெரியாது அக்கா."

"பொழியூரு கடக்கரையில போய் பாக்கச் சொல்லும். கரையில கயிறு பிடிச்சவன் நிக்கமாட்டான். இழுத்துக்கிட்டே அடுத்த முனையப் பாத்து நடப்பான். ரெண்டு பேரும் நடந்தாத்தான் மீனு."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சார் பொழியூர் போனார். திங்கள் காலை என் பஸ்ஸில் ஏறிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "காணாமத் தாண்டினா தாண்டினதாவாது. கடந்தாச்சா மக்கா?"

உண்மையைச் சொன்னால் குதித்துவிடுவாரோ என்று பயம். "இல்ல சாரே." குழித்துறை வரைக்கும் அதையே சொன்னேன். பயத்திலேயே வீடு வரைக்கும் கூடப் போனேன்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வலை வந்தாச்சு. மீனு போயாச்சு." கதவு சாத்திக்கொண்டது.

இத்தனை கவிதை படித்தவருக்கு ஒரு பஸ் ஏறத் தெரியவில்லையே என்று எனக்கு இன்றும் எரிகிறது.

திரும்பும்போதும் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார். இமையோரம் நனைந்திருந்தது. களியக்காவிளை பின்னால் போனது. இந்தமுறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகக் குனிந்து அவர் காதில் சொன்னேன்:

"இன்னும் தாண்டல்ல சாரே."