கூட்ரோட்டில் கண்ணீர் அஞ்சலி

அவலூர்பேட்டையில் மாமாவோடும் பிள்ளைகளோடும் சௌக்கியமாக இருக்கும் அக்கா அமிர்தவல்லி அவர்களுக்கு, செஞ்சியிலிருந்து தம்பி கலியபெருமாள் பயந்துகொண்டே எழுதுவது. என் மகள் மோனிகா உயிரோடு இருக்கிறாள். யார் வந்து என்ன சொன்னாலும் நம்பாதே. இப்போதுதான் மூன்று தோசை சாப்பிட்டாள். இங்கு என்னைத் தவிர யாவரும் நலம்.

உன் மருமகள் பன்னிரண்டு வயசில் முதலாளி ஆனது உனக்குத் தெரியும். லீவு நாளில் கோட்டை அடிவாரத்தில் உட்கார்ந்து, மலை ஏறுகிறவர்களுக்குக் குரங்கு விரட்டக் குச்சி வாடகைக்கு விடுகிறாள். அதற்கே எனக்குப் பயம், குரங்குகள் அவளை ஒரு மாதிரி முறைக்கின்றன. போன வாரம் குச்சி வாங்க வந்த சினிமாக்காரர்கள் இவள் வாய்ப்பேச்சைப் பார்த்துவிட்டு, படத்தில் நடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளை வேஷம் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளை இரண்டாவது சீனிலேயே செத்துப்போகிறாள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நேற்று திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறேன். ஊர் எல்லையில் ரோடு பிரிகிற கூட்ரோட்டில் பஸ் நின்றது. தலையைத் தூக்கினால் பத்தடி பேனரில் என் பெண் சிரிக்கிறாள், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. அக்கா, அங்கேயே குதிச்சு இறங்கிட்டேன். செருப்பு பஸ்ஸிலேயே கிடக்குது, அழுதுகிட்டே வீடு வரைக்கும் ஓடியாந்தேன், வாசல்ல பாத்தா நம்ம பாவாடை சித்தப்பா மாலையோட நிக்கிறார், மேல்மலையனூர் சொந்தக்கார ஜனம் வேன்ல வந்து இறங்குது, ஒரு அம்மா பறைக்குச் சொல்லியாச்சான்னு கேக்குது, நடுவுல என் பொண்ணு எல்லாருக்கும் டீ குடுத்துக்கிட்டு நிக்கிறா. "படத்துக்கு அடிச்ச பேனரு நைனா. காத்துக்கு நிக்குதான்னு கட்டிப் பாத்தாங்க. இன்னாத்துக்கு டென்சன் ஆவுற?" என்கிறாள். சரி, என் போன் ஏன் ஓயாமல் அடிக்கிறது என்று பார்த்தால், பேனர் அடியில் 'துயரத்துடன்: மோனிகா குரங்குக் குச்சி நிலையம், கோட்டை அடிவாரம்' என்று போட்டு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். "அழுவறவங்க பேரு போடற எடம் காலியா இருந்திச்சி நைனா, சும்மா வுடுவாங்களா?" பாதிப் பேர் துக்கம் விசாரிக்கிறார்கள், பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை குச்சி கிடைக்குமா என்கிறார்கள்.

அதனால்தான் போனை அணைத்துவிட்டு, அவலூர்பேட்டை பஸ்ஸில் வரும் எங்கள் தெரு விநாயகத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அவளைப் பாடையில் படுக்க வைக்கிறார்கள். நிஜமான பச்சை மூங்கில் பாடை, நானே போய்ப் பார்த்தேன். நெற்றியில் ஒற்றை ரூபாய் வேறு வைப்பார்களாம். எட்டு வருஷம் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற ஒரே பிள்ளை அக்கா. எனக்கு ராத்தூக்கம் இல்லை. என் வீட்டுக்காரி ஜெயசுதாவும் பெற்ற தாய்தானே, அவளானால் சாவு சீனுக்கு யூனிபாரம் இஸ்திரி போடுகிறாள். மோனிகா உன் ஒருத்தி பேச்சுக்குத்தான் அடங்குவாள். உடனே வந்து ஒரு அதட்டு அதட்டி நிறுத்து.

மாமாவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்களை எந்தக் கேமரா பக்கமும் விடாதே.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற தம்பி
கலியபெருமாள்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது டைரக்டரின் ஆள் வந்தார். அப்பா வேஷக்காரருக்கு அழுகையே வரவில்லையாம். நான் வாசலில் அழுததை மோனிகா போனில் பிடித்து அனுப்பியிருக்கிறாள், நானே அந்த வேஷம் போட வேண்டுமாம். முடியாது என்று கத்தினேன். ஜெயசுதாதான் உள்ளேயிருந்து வந்து, "தலையில காக்கா தட்டினா, தோஷம் கழியறதுக்கு, செத்துட்டாங்கன்னு சொந்தக்காரங்களுக்குப் பொய்ச் சேதி அனுப்பி அழ வைக்கிறதில்லையா? உசுரோட இருக்கிறவங்களுக்கு அழுதா ஆயுசு கெட்டிங்க" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஒத்துக்கொண்டேன் அக்கா. எத்தனை டேக் கேட்டாலும் அழுவேன். நீ நிறுத்த வர வேண்டாம், அழ வா. மாமாவையும் உன் தெரு ஜனத்தையும் கூட்டி வா. நான் ஒருத்தன் அழுது என் பிள்ளைக்கு எத்தனை வருஷம் கூடிவிடப் போகிறது?