கழுத்துச் சாய்ந்த பரம்பரை

மரபணு ஜோசியர் என்று ஓர் இனம் உண்டு. பழைய ஜோசியருக்காவது கட்டம், கணக்கு என்று எதையாவது படித்துத் தொலைக்க வேண்டியிருந்தது. இவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. பிரசவ வார்டில் பிள்ளை இன்னும் கண் திறந்திருக்காது. அதற்குள் மூக்கு எங்கள் அப்பாவுடையது, நெற்றி என்னுடையது, அழுகை மட்டும் பெண் வீட்டாருடையது என்று பாகப்பிரிவினையை முடித்துவிட்டுக் காபி கேட்பார்.

எனக்குத் தெரிந்த ஜோசியர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். அவருடைய அப்பா தொடங்கியது. சேர வந்தவர் கிளட்ச் எது, பிரேக் எது என்று கேட்க வாயெடுப்பதற்குள் இவர் வம்ச புராணத்தை அவிழ்த்துவிடுவார்.

"ஸ்டியரிங் எங்க ரத்தத்துலயே இருக்கு சார். எங்கப்பாவுக்கு யாரு கத்துக்குடுத்தா? ஜீன் சார், ஜீன்."

அப்படியானால் ரத்தத்தில் இல்லாத எங்களுக்கு எதை ஐயா கற்றுக்கொடுக்கப் போகிறீர்? இப்படி ஒருவரும் கேட்பதில்லை. லைசென்ஸ் வேண்டுமே!

வம்சத்துக்கு ஒரு முத்திரை வேறு. வண்டி ஓட்டும்போது அந்த வீட்டார் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள். விஷயம் ஒன்றுமில்லை. பள்ளியைத் தொடங்கிய பெரியவருக்கு ஒரு காது மந்தம். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கட்டும் என்று நல்ல காதைச் சாய்த்தார். அதைப் பார்த்துப் பார்த்து, காது இரண்டும் கணீரென்று கேட்கிற இவர் சாய்த்தார். இவரைப் பார்த்து மகன் சாய்த்தான். வேறெங்கோ பிறந்து இந்த வீட்டுக்கு வாழ வந்த இவர் மனைவி காய் நறுக்கும்போதுகூடச் சாய்க்கிறாள். கேட்டால், "அவளுக்குப் பழக்கம். எங்களுக்கு ரத்தம்" என்பார். ஒரே கழுத்து, இரண்டு சட்டம்.

மகன் காரைப் பின்னால் எடுத்து ஷெட் சுவரை இடித்த அன்று சட்டம் மறுபடி மாறியது. "உங்கப்பா வீட்டு அவசரபுத்தி அப்படியே வந்திருக்கு" என்றார் மனைவியிடம்.

"எங்கப்பா சைக்கிள்கூட ஓட்டினதில்ல. எந்தச் சுவத்தை இடிச்சாரு?" என்றாள் அவள். ஜோசியருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

ஜீனுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண், காது, கை, எதிரே இருப்பவர் செய்வதை அச்சடித்தாற்போல் திருப்பிச் செய்கிற குரங்குப் புத்தி எல்லாம் அது கொடுத்ததுதான். அந்தப் புத்தி எந்த வீட்டில் உட்கார்ந்து யாரைப் பார்க்கிறது என்பதுதான் அதன் கையில் இல்லை. இவ்வளவு எளிய விஷயம் இந்த மண்டைகளில் ஏறுவதில்லை.

ஏறாததற்கு விலை கொடுத்தவள் இவருடைய தம்பி மகள். தம்பியும் அவர் மனைவியும் கைக்குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்த பெண். பெரியப்பா பாடம் நடத்தும் காரின் பின்சீட்டில் பால்புட்டியோடு உட்கார்ந்து வளர்ந்தவள். பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கிவிட்டாள். பள்ளியில் ஓர் இடம் காலியானதும் நேரே வந்து கேட்டாள்.

"பெரியப்பா, அந்த வேலையை எனக்குக் குடுங்களேன்."

"நீ நல்ல பொண்ணும்மா. ஆனா இது பழகி வர்றதில்ல. ரத்தத்துல வரணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா என்றும் பெரியப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்த வீட்டில், நீ எங்களைச் சேர்ந்தவள் இல்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. கூட வந்திருந்த தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மாடி அறையில் ஒரு புது ஆளுக்குப் புராணம் நடந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பள்ளிக் கார் பின்னோக்கி வந்து, அந்த ஒடுங்கின ஷெட்டுக்குள் சுவரில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனது. கார்க் கண்ணாடி வழியே சாய்ந்த கழுத்து மட்டும் தெரிந்தது.

"பாருங்க சார், என் பையன். அந்தக் கழுத்தைப் பாருங்க. இதை யாராவது சொல்லிக்குடுக்க முடியுமா?"

கதவு திறந்தது. இறங்கியது தம்பி மகள். பக்கத்து சீட்டிலிருந்து மகன் இறங்கி, "இன்னொரு தடவை காட்டு" என்றான்.

வெட்கமுள்ளவன் என்றால் முகத்தில் ஈயாடாது. நம்மவர் படியிறங்கிப் போய், கீழே நின்ற தம்பியைத் தனியே இழுத்தார்.

"டேய், எங்கிருந்து எடுத்தீங்களோ அங்க போய் விசாரி. இவ எப்பவோ பிரிஞ்சுபோன நம்ம ரத்தமாத்தான் இருக்கணும். ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். நம்மளதுன்னு தெரிஞ்சா நாளைக்கே வேலை."

செத்துப்போன பெரியவரின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்க வைத்தாலும் வைப்பாரே தவிர, தம் கொள்கையை விடமாட்டார்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "டெஸ்டெல்லாம் வேண்டாம் பெரியப்பா. நான் உங்களைப் பார்த்துதான் கத்துக்கிட்டேன். அது போதாதுன்னா விடுங்க" என்றாள். கார்ச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது எதிர்த்தெருவில் இன்னொரு பள்ளியில் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே கூட்டம் நெரிகிறது.

ஜோசியர் தம் வாசலில் நின்று பார்க்கிறார். அந்தப் பள்ளிக் கார்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. உள்ளே முன்பின் தெரியாத ஆட்கள், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு.

"நம்ம வம்சம் எவ்வளவு தூரம் பரவியிருக்கு பாத்தியா!" என்கிறார் மனைவியிடம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்க் கதவைப் படாரென்று சாத்தும். "அப்படியே உன் தம்பி புத்தி" என்று மனைவி பக்கம் திரும்புவீர்கள். திரும்புவதற்கு முன்னால், போன வாரம் அந்தக் கதவை அப்படிச் சாத்தியது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளை அப்போது அங்கேதான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.