மூணாந்தரம் ஐயாவும் என் இரண்டாவது பாட்டுப் புத்தகமும்

வட ஆற்காடு ஜில்லா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்த மனிதருக்குப் பிடித்த பொருள் ஒன்றுகூட அகப்படாது. வேலூர்க் கத்தரிக்காய், கோட்டை அகழித் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், சொந்த மாமியார் வைக்கும் ரசம் எல்லாவற்றுக்கும் அவர் ஒரே தீர்ப்புத்தான் வைத்திருந்தார்: "மூணாந்தரம்!" இதையே கேட்டுக் கேட்டு அவருடைய ஞானஸ்நானப் பெயரை ஊர் மறந்துவிட்டது. நேரில் "ஐயா" என்போம். தலை மறைந்ததும் "மூணாந்தரம்" என்போம்.

அவரைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. பதனிட்டு வந்த ஆட்டுத்தோலை விரிப்பார், தடவுவார், மடக்குவார், முகர்வார். ஒண்ணாந்தரம், ரெண்டாந்தரம், மூணாந்தரம் என்று மூன்று குவியலாகத் தள்ளுவார். வாரம் ஆறு நாள் இதையே செய்கிறவர் ஏழாவது நாள் பாதிரியாரை மட்டும் சும்மா விடுவாரா?

சின்ன வயதில் ஒரு பாதிரியார் வீட்டம்மாளிடம் பியானோ கற்றுக்கொண்டவர் அவர். சனிக்கிழமை மத்தியானம் மண்டியிலிருந்து நேரே மோட்டார் பஸ் ஏறி வேலூர் வருவார். எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பார். தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டைச் சாயம் ஊறிப்போன பழுப்பு விரல்கள். வெள்ளைக் கட்டைகளில் அவை ஓடும்போது எங்கள் தலைமை ஆசிரியை மிஸ்ஸியம்மா சாயம் ஒட்டுகிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். ஒருநாளும் ஒட்டியதில்லை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த வாத்தியாரம்மா. வயது இருபத்திரண்டு. ஊர் கலவை. அப்பா இல்லை, அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். என்னை வேலைக்கு அனுப்பும்போது மாமா ஒரே நிபந்தனைதான் போட்டார்: "ஒரு வருசம் தர்றேன். வேல நெலைச்சுதுன்னா நீ பாட்டுக்கு இரு. இல்லேன்னா நான் பாக்குற எடத்துல கழுத்த நீட்டணும்." வேலை நிலைக்க வேண்டுமானால் பள்ளிக்கூடத்தின் நிபந்தனை வேறு. வருஷ முடிவில் சபை கூட்டி, பாடப் புத்தகத்திலிருந்து இரண்டு, வேறொரு பாட்டுப் புத்தகத்திலிருந்து இரண்டு, ஆக நான்கு உருப்படி பியானோவில் வாசித்துக் காட்ட வேண்டும். நானோ அதுவரை பியானோவை ஏதோ பீரோ என்று எண்ணிக்கொண்டிருந்தவள்.

பாடப் புத்தகத்தை எட்டு மாதத்தில் ஒருவழியாகத் தாண்டினேன். ஐயாவின் ஆட்டம் ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

"இதோ பாருங்க டீச்சரம்மா. மொத புஸ்தகம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அது வெரலுக்கு. ரெண்டாவது புஸ்தகம் ஆளுக்கு ஆள் வேற. அத தேடித்தான் புடிக்கணும். அவசரப்பட்டா காரியம் கெட்டுரும்."

அவர் தேடிப் பிடித்த கதைகள் வேலூரில் பிரசித்தம். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அவரிடம் ரகசியமாகக் கற்றுக்கொண்டிருந்தார். அணிவகுப்புப் பாட்டுகள் வேண்டும் என்று மீசையை முறுக்கினாராம். ஐயா கொடுத்ததோ தாலாட்டுப் புத்தகம். "தட்டுறதுக்கு உங்க கைக்குப் புஸ்தகமே வாணாம் சார். அடக்குறதுக்குத்தான் வேணும்." இன்ஸ்பெக்டர் வீட்டுக் கைக்குழந்தை பிறந்தது முதல் அன்றைக்குத்தான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கியது என்றும், இன்ஸ்பெக்டர் வீட்டம்மாள் ஐயாவுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்பினாள் என்றும் சொல்வார்கள். மாம்பழம் மூணாந்தரம் என்று அவர் திருப்பி அனுப்பியதையும் சேர்த்தே சொல்வார்கள்.

எனக்கு முதலில் மிஸ்ஸியம்மாவே ஒரு புத்தகம் கொடுத்தார். சீமையிலிருந்து வந்தது, அட்டையில் பனிக்கட்டி மேல் குதிரை வண்டி. ஐயா அதை பியானோவின் மேல் வைத்துத் திறந்தார். கையை எடுத்ததும் புத்தகம் டப்பென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடிக்கொண்டது.

"ரெண்டு கையும் வாசிப்புல இருக்கும். புஸ்தகத்த புடிச்சிக்கிறதுக்கு மூணாவது கைக்கு நான் எங்க போவேன்? தையல் இல்ல, வெறும் பசை. மூணாந்தரம்." பிறகு முதல் பாட்டைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க பனிக்கட்டி மேல வண்டி ஓட்னதுண்டா?"

"இல்லை ஐயா."

"நானும் இல்ல. அப்ப இத தப்பா வாசிச்சா நம்ம ரெண்டு பேருக்கும் எப்பிடித் தெரியும்?"

வெள்ளைக்காரரான மிஸ்ஸியம்மா, முன்ஷி என்னும் தமிழ் வாத்தியார் வைத்து இலக்கணமாகத் தமிழ் கற்றவர். "இப்புத்தகத்தில் தாங்கள் காணும் பிழை யாது?" என்று கேட்டார். ஐயா பணிவாகக் கும்பிட்டு, "புஸ்தகம் நல்ல புஸ்தகம்தாம்மா. இவங்களுக்கு ஆகாது" என்றார். வாய்க்கு வந்த மூணாந்தரத்தை அவர் விழுங்கியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சனிக்கிழமை கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடை. அவர் வருவதைப் பார்த்ததுமே கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். ஐயா விடவில்லை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மடக்கி, காகிதத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, கடைசியில் வழக்கம்போல் மூக்குக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"வாங்குறதுன்னா வாங்கு நைனா. மோந்து பாக்குறதுக்கு இது இன்னா கருவாட்டுக் கடையா?"

"மை வாசம் ஜாஸ்தியா இருக்குது. ஈரத்துல அச்சடிச்சது. எழுத்தெல்லாம் எறும்பாட்டம் கெடக்குது பாரு. புதுசா கத்துக்கிறவங்களுக்கு எழுத்து பெருசா இருக்க வாணாமா?" இன்னொன்றை எடுத்தார். "இதுல இடது கை நல்லா வேலையா இருக்கிற எடத்துல பக்கம் திருப்பச் சொல்றான். அச்சடிச்சவன் ஒருநாளாவது வாசிச்சுப் பாத்தானா?" இன்னொன்று. "இது பாடப் புஸ்தகத்தவிட கஷ்டம். கூடப் படிக்கிற புஸ்தகம் ஒரு படி கம்மியா இருக்கணும். உட்கார்ந்தா சந்தோசம் வரணும். பேஜார் குடுக்கத்தான் பாடப் புஸ்தகம் இருக்குதே."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பது இத்தனை காலம் நானே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. பத்து வாரம் ஓடிவிட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் சபை. என் கையில் இரண்டாவது புத்தகமே இல்லை. மாமா கலவையில் மாப்பிள்ளை பார்க்கக்கூடிய வீடுகளைப் பெயர் பெயராக எண்ணிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மூணாந்தரமானாலும் பரவாயில்லை" என்று அவர் முன்னால் அழுதே விட்டேன். அவரோ, "உங்க வீட்ல பாட்டு உண்டா?" என்று மட்டும் கேட்டார். அம்மா மாவரைக்கும்போது ஏதோ முனகுவாள், அவ்வளவுதான் என்றேன்.

இதற்குமேல் நடந்ததை அம்மா பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு வியாழக்கிழமை, மண்டிக்கு லீவு போட்டுவிட்டு, ஆற்காடு வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி என்று ஐயா கலவையில் எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெறுங்கையோடு போகக்கூடாது என்று.

"உங்க பொண்ணு விசயமா வேலூர்லேர்ந்து வர்றேன்" என்றாராம்.

முன்பின் தெரியாத ஆள், கறுப்புக் கோட்டு, வாழைப்பழம், பெண் விஷயம். இதற்குமேல் ஒரு வீட்டுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மாமா ஓடிப்போய்ப் பாய் விரித்தார். ஐயாவோ தன் வேலையே கண்ணாக, "பொண்ணுக்கு வெரலு நீளம், அத நான் பாத்துட்டேன். சின்ன வயசுல இன்னா பாட்டு கேட்டு வளந்துச்சு?" என்றாராம். வேலூர்க்காரர்கள் பெண்ணைப் பற்றி எவ்வளவு நுணுக்கமாக விசாரிக்கிறார்கள் என்று மாமா மெச்சிக்கொண்டார். அம்மாவுக்குக் கூச்சம். ஆனால் சம்பந்தம் தட்டிப்போகக் கூடாதே! உரல் முன்னால் உட்கார்ந்து, அரிசியே இல்லாமல் வெறும் உரலை ஆட்டிக்கொண்டு, இரண்டு பாட்டு பாடியிருக்கிறாள். ஐயா கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே இருந்தாராம். முடிந்ததும் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணாந்தரம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிடித்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான வார்த்தை கலவையில் கிடையாது.

சனிக்கிழமை ஐயா என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். கெட்டிக் காகிதம், பெரிய பெரிய எழுத்து, எல்லாம் அவர் கையால் எழுதியது. மெல்லிய ஆட்டுத்தோல் அட்டை. தையல் போட்டு, எந்தப் பக்கம் திறந்தாலும் அப்படியே படுத்துக்கிடந்தது. முதல் வரியை வாசித்தேன். அம்மாவின் குரல் பியானோவுக்குள்ளிருந்து வந்தது.

"காது இத இருவது வருசமா கேட்டுக்குனு கீது. வெரலு தப்புனா அதுவே வழி சொல்லும்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் பயிற்சி செய்ததில்லை.

சபைக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவின் கடிதம் வந்தது. வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துப் பூரண திருப்தியோடு போயிருப்பதாகவும், தேதி குறிக்க வெள்ளிக்கிழமை தாமே வருவதாகவும், நான் பெட்டி கட்டித் தயாராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எந்த மாப்பிள்ளை, யார் வீட்டார் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

சபை கூடும் வெள்ளிக்கிழமையும் வந்தது. மாமா வெற்றிலைத் தட்டோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சபைப் பெரியவர்களும் அவர்கள் வீட்டு அம்மாள்களும். மண்டிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த ஐயா உள்ளே வரவில்லை. மண்டி வாசனை இருக்கிறது என்று ஒரு அம்மாள் போன வருஷம் மூக்கைப் பிடித்தாளாம். அதிலிருந்து ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பாராம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

பாடப் புத்தகத்து உருப்படிகள் இரண்டையும் வாசித்தேன். இரண்டாவதில் நாலு இடத்தில் தடுக்கினேன். மிஸ்ஸியம்மா பென்சிலால் நாலு கோடு போடுவது தெரிந்தது. தோல் அட்டையைத் திறந்தேன். இரண்டாவது அடியில் இடது கை வழிதவறியது. நிறுத்தினால் வேலை போயிற்று. நான் நிறுத்தவில்லை. அடுத்த சுரம் எது என்று அம்மா காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். விரல் அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டது.

"அடடே, இது எங்க அக்கா பாட்டாச்சே!" என்று மாமா சபை நடுவில் எழுந்து நின்றார். தட்டிலிருந்த பாக்கெல்லாம் உருண்டது.

"அமைதி! தாங்கள் அமருங்கள்!" என்றார் மிஸ்ஸியம்மா. மாமா உட்கார்ந்தார். ஆனால் தொடையில் தாளம் போடுவதை அவரால் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது பாட்டில் பிள்ளைகள் எல்லாம் கையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

முடிந்ததும் மிஸ்ஸியம்மா என் கையைப் பிடித்தார். "நீங்கள் இங்கேயே இருப்பீர்கள்" என்றார்.

மாமா நேரே ஜன்னல் பக்கம் போனார். கறுப்புக் கோட்டை அடையாளம் கண்டுகொண்டார். "மாப்பிள்ள எங்கங்க?"

"எந்த மாப்பிள்ள?"

"அன்னிக்கி வந்து பாத்துட்டு ஒண்ணாந்தரம்னு சொன்னீங்களே!"

"அது பாட்டுங்க. எனக்குக் கல்யாணமாயி மூணு புள்ளைங்க கீதுங்க."

மாமாவுக்கு முகம் சிவந்தது. "அப்ப எங்க வீட்டுக்கு எதுக்குய்யா வந்தே?"

"இவங்களுக்குப் புஸ்தகம் தேடி" என்றார் ஐயா. "கடைல இல்ல. உங்க வீட்லதான் இருந்துச்சு."

மாமா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டை நீட்டினார். ஐயா ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பைக் கிள்ளி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மூணாந்தரம்" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். மாமா பெட்டியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. சாயங்கால பஸ்ஸில் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

அன்றைக்கே நான் ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் யாரோ ஒரு டாக்டர் அம்மாளுக்குப் புத்தகம் தேடுகிற அவசரத்தில் இருந்தார். இப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. என் வீட்டுப் பாட்டையே எனக்குச் சோறு போடும் பாட்டாக்கிக் கொடுத்தீர்களே, ஐயா, எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.