காராமணிக்கு ஒரு ஜோடி

பால்ராஜின் காராமணிச் செடி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. தினமும் வேரோடு பிடுங்கி, அளந்து, மறுபடி நட்டால் எந்தச் செடிதான் பிழைக்கும்? ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடம் அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர், அளக்காத எதையும் நம்பமாட்டார்.

மகள் ஹெலினா பெங்களூரில் விஞ்ஞானி. எடையே இல்லாத விண்வெளியில் செடி எப்படி வளர்கிறது என்று ஆராய்கிறவள். "மேல வளர்ற காராமணிக்குக் கீழ ஒரு ஜோடி வேணும்ப்பா, ஒப்பிட்டுப் பாக்க" என்று போன மாதம் விதை கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோ கால். அதற்கு முன்பு மாதத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது. மனைவி இறந்தபிறகு அந்த வீட்டில் வேறு குரலே கிடையாது. செடி செத்தது தெரிந்தால் கால் நின்றுவிடும். பால்ராஜுக்கு அந்தப் பயம்தான்.

பக்கத்து வீட்டு வேலியோரம் காராமணி போலிருந்த ஒரு கன்றைப் பிடுங்கிக்கொண்டு தொட்டிக்கு நடந்தார்.

"அண்ணே, என் அவரைக்கன்னை எங்க தூக்கிகினு போறீங்க?" என்று பக்கத்து வீட்டு சாராள் கத்தினாள்.

அவரையா? அதை நட்டு முடிப்பதற்குள் ஏழு மணி போன் அடித்தது.

"இலை என்னப்பா இவ்ளோ அகலம்?"

"ஆவடியில ஈர்ப்பு விசை கொஞ்சம் ஜாஸ்திம்மா."

ஹெலினா மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டாள்.

மாலையில் கத்தரிக்கோலை எடுத்து இலைகளைக் காராமணி இலை அளவுக்கு வெட்டினார்.

"ஓரமெல்லாம் வெட்டுப்பட்டிருக்கேப்பா?" என்றாள் மறுநாள்.

"வெட்டுக்கிளிம்மா."

"ஸ்கேல் வெச்சு வெட்டினமாதிரி இருக்கு?"

"ஃபேக்டரி வெட்டுக்கிளி. எல்லாம் அளவாத்தான் செய்யும்."

மூன்றாம் நாள் அவரையும் வாடியது. நசரத்பேட்டை நர்சரிக்கு ஓடினார்.

"காராமணியெல்லாம் யாரு நைனா காசு குடுத்து வாங்குவான்? மல்லி கீது, எடுத்துக்கோ."

மல்லிக்கு என்ன பொய் சொல்வது? வெறுங்கையோடு திரும்பினார்.

ஞாயிறு ஆராதனையில் மனசு குத்தியது. தன் பொய்யை நம்பி, விண்வெளிக்குப் போகிறவர்கள் சாப்பிடச் செடி இல்லாமல் பட்டினி கிடந்தால்? கால் நின்றால் நிற்கட்டும் என்று மறுநாள் மதியம் தானே மகளைக் கூப்பிட்டார். எடுத்தது அவளோடு வேலை செய்யும் சௌம்யா.

"ஹெலினா போனை வெச்சுட்டு சாப்பிடப் போயிருக்கா அங்கிள்."

சொல்லாமல் வைத்தால் தைரியம் போய்விடும். வேர், அவரை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "என்னால உங்க ஆராய்ச்சியே கெட்டுப்போச்சும்மா."



"அங்கிள், அந்த ஆராய்ச்சி போன வருஷமே முடிஞ்சுபோச்சே... அப்புறம் தினமும் ஏழு மணிக்கு ஹெலினா எதைப் பாக்க உங்களைக் கூப்பிடுறா?"