மாதிரி வயலில் ஈரம் பார்த்தல்

மேட்டில் பெய்யும் மழைநீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதும், ஓடும்போது மண்ணையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும் என்பதும் அனைவரும் அறிந்ததே. மண் ஈரப் பாதுகாப்புத் துறைக்கும் இது ஒரு நாள் தெரியவந்தது. அதன் தொடர் நடவடிக்கையாக என் வயல் மாதிரி வயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தகுதி என்று பார்த்தால், என் வயல் சாலையோரத்தில் இருந்தது. நான் அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

துறை சொன்ன யோசனை நல்ல யோசனைதான். சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடச் சொன்னார்கள், போட்டேன். பழைய சோளத்தட்டையைப் பரப்பி நிலத்தை மூடச் சொன்னார்கள், மூடினேன். கிணறு கிடையாது. பெய்த ஒரு மழையின் ஈரத்தை நம்பித்தான் சோளம் விதைத்திருந்தோம். அந்த ஈரம் போனால் வீட்டில் உலை வைக்க ஒன்றும் இருக்காது.

பயிர் தட்டைக்கு நடுவே தலைகாட்டிய நேரத்தில் அதிகாரி வந்து பலகை நட்டார். பலகையில் என் படம் என்னைவிடப் பெரிதாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“ஈரம் எங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“தட்டைக்கு அடியில இருக்கு சார்.”

“மூடி வெச்சா வர்றவங்க எப்படிப் பாப்பாங்க? அரசாங்கம் எதையோ மறைக்குதுன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“தெறந்தா காஞ்சிடுமே சார்.”

“பாத்துட்டு மூடிடலாம்.”

பார்வையாளர்கள் வந்தார்கள். தட்டையை விலக்கி, ஒரு பிடி மண்ணை அள்ளி, மோந்து பார்த்து, “ஆகா, ஈரம்!” என்று சான்றளித்துவிட்டுப் போனார்கள். மூடுவது அவர்களுடைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஒரு குழு திறந்த இடம் காய்ந்துவிடும் என்பதால் அடுத்த குழுவுக்குப் புதிய இடம் திறக்கப்பட்டது. பெரிய அதிகாரி ஒருவர் கண்ணை மூடி மண்ணை மோந்த படம் எங்கும் பரவிய பிறகு, அதுவே மோஸ்தராகிவிட்டது. கல்யாணம் நிச்சயமான ஜோடிகள்கூட வந்து மோந்தார்கள். நான் பக்கத்தில் மைக்கோடு நின்று அழகாகச் சிரித்தேன்.

செருப்பில் மண் ஒட்டுகிறது என்று புகார் எழுந்தது. துறை விரைந்து பரிசீலித்து, கார் பலகைவரை வந்து போவதற்காக வரப்பில் ஒரு ‘தற்காலிகத் திறப்பு’ ஏற்படுத்த ஆணையிட்டது. வெட்டியவன் நான்தான்.

“வரப்ப வெட்டினா தண்ணி எந்த வழியாப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் என் மனைவி.

“ஏன் தெரியாது? நேத்து மைக்குல அரை மணி நேரம் அதத்தானே வெளக்கினேன்!”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த மழை பெய்தது. தண்ணீருக்கு ஆணையெல்லாம் படிக்கத் தெரியாது. திறப்பைக் கண்டது, புகுந்தது. விடிந்து பார்த்தால் என் மேல்மண் முழுவதும், முளைத்த சோளத்தோடு, கீழே இருக்கும் மச்சினன் வயலில் கிடந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று சொல்லலாம் என்றால், போட்டுக்கொள்ளவும் மண் மிச்சமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். வயலின் நடுவே விழுந்திருந்த ஓடையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

“இவ்வளவு தெளிவான மண் அரிப்ப நான் பாடப் புத்தகத்துலகூடப் பாத்ததில்ல. பலகைய மாத்திடலாம். ‘மண் அரிப்பு மாதிரி வயல்.’”

“என் சோளம் போச்சு சார்.”

“அதையும் பலகையில சேத்துடலாம்.”

கீழ் வயலிலிருந்து மச்சினன் மூச்சு வாங்க ஏறி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

“சார், மாமாவோட மண்ணு பூரா என் வயல்லதான் இருக்கு. அவருக்கு ரெண்டாவது பலகை, எனக்கு ஒண்ணுகூட இல்லையா?”

அதிகாரி நியாயஸ்தர். யோசித்தார். “‘மண் வந்து சேரும் மாதிரி வயல்’னு ஒண்ணு வைக்க வழி இருக்கு. ஆனா ஒரு தடவ வந்தா அது விபத்து. அடுத்த மழைக்கும் வந்தாத்தான் திட்டம்.”

எல்லோரும் திறப்பைப் பார்த்தோம். என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளாவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“சார், இந்தத் தடவ படத்துல நானும் நிக்கலாமா?”

“தாராளமா நில்லுங்கம்மா.”

“வர்றவங்களுக்கு வெளக்கம் சொல்ல ஆள் வேணுமே சார்,” என்றேன் நான்.

“நீங்கதான். புது மைக்கு வருது.”

திறப்பை அடைப்பதற்காகத்தான் மண்வெட்டியோடு வந்திருந்தேன். கிட்டே போய்ப் பார்த்தபோது அது கொஞ்சம் குறுகலாகத் தெரிந்தது. பேருந்து வந்தால் நுழையாது. இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டேன்.