மஞ்சள் ஒட்டுப் போட்ட ஜாக்கெட்

ஜிப் பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மலையடிவாரத்து வண்டி நிறுத்துமிடத்தில் மழை பக்கவாட்டில் அடித்தது. இஷ்பெல் காலரைத் தாடையால் அழுத்திக்கொண்டு ஜிப்போடு மல்லுக்கட்டினாள்.

நேற்று சாயங்காலம் ஊர் தர்மக் கடையில், ஊரார் தானமாகக் கொடுத்த பழைய துணிகளுக்கு நடுவே பொறுக்கிய ஜாக்கெட். வெளுத்துப் போயிருந்தது. வலது முழங்கையில் மஞ்சள் ஒட்டு. அந்த ஒட்டுக்காகவே வாங்கினாள். ஸ்காட்லாந்து மலைகளில் புது ஜாக்கெட் போட்டவரை ஆடுகூட மதிக்காது. போன நவம்பரில் மூடுபனியில் வழி தவறி, மீட்புக் குழுவினர் எட்டுப் பேர் வந்து அவளைத் தூக்கிப்போனபோது அவள் போட்டிருந்தது புத்தம் புதுசு. அவர்கள் அவளைக் கண்டுபிடித்த இடம், அவள் காரிலிருந்து இருநூறு அடி.

அதன்பிறகு மலைநடைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் போய், பயிற்சியாளரின் கையெழுத்தோடு வந்தால் சனிக்கிழமை நடைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இல்லை. இஷ்பெலுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. சனிக்கிழமையும் போய்விட்டால் வாழ்க்கையில் மிச்சம் அழுக்குப் போர்வைகள்தான்.

இன்றைக்கு ஒரு பயிற்சியாளர், இரண்டு மாணவர்கள் என்று சொல்லியிருந்தார்கள். வந்திருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். கணக்கு சுலபம்.

ஒருவர் லாக்லன். அறுபது வயது, தாடி. ஜாக்கெட் தோளில் கிழிந்து, நாடா ஒட்டியிருந்தது. லேசாகக் கோழிக்கூண்டு வாடை. ‘காட்டிலேயே கிடக்கிற மனுஷன்,’ என்று இஷ்பெல் மரியாதையோடு நினைத்துக்கொண்டாள்.

இன்னொருத்தி ரோனா. இருபத்தைந்து இருக்கலாம். ஆரஞ்சு ஜாக்கெட்டில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. பாவம்.

“எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” என்றாள் ரோனா துள்ளலாக. “யார் முன்னால போறீங்க?”

லாக்லன் மஞ்சள் ஒட்டைப் பார்த்தார். “அவங்கதான். வேற யாரு?”

பரீட்சை ஆரம்பித்துவிட்டது என்று இஷ்பெலுக்குப் புரிந்தது. பயிற்சியாளர்கள் இப்படித்தான் செய்வார்களாம். மாணவரை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வாயை மூடிக்கொண்டு வருவார்கள்.

வரைபடத்தை விரித்தாள். மார்புப் பையில் போன் இருந்தது. அதன்மேல் திசைகாட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டு, முள் காட்டிய பக்கம் நடந்தாள். பழைய ஆட்டுப் பட்டி ஒன்றைத் தாண்டினார்கள். அப்புறம் மூடுபனி இறங்கியது.

“அக்கா,” என்றாள் ரோனா. “போன் பக்கத்துல திசைகாட்டிய வச்சா ஒண்ணும் ஆகாதா?”

“நடுவுல பேசாதம்மா,” என்றார் லாக்லன். “அவங்க கவனம் சிதறுதுல்ல?”

பத்து நிமிஷத்தில் சேறு கணுக்காலுக்கு வந்தது. இருபதாவது நிமிஷத்தில் முழங்காலுக்கு.

“அக்கா, ஓடை நமக்கு இடது பக்கம்தான வரணும்?”

ஓடை வலது பக்கம் சலசலத்தது. இஷ்பெல் நடையை நிறுத்தினாள். திரும்பி லாக்லனைப் பார்த்து, “வேணும்னேதான் சுத்தி வந்தேன் சார்,” என்றாள்.

“தெரியுதுங்க,” என்றார் அவர், பூட்ஸுக்குள்ளிருந்து தண்ணீரைக் கொட்டியபடி. “சேறுன்னா என்னன்னு பழகணும்ல?”

அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். காது சுட்டது. சரியாக்கிவிடலாம் என்று நேராகக் கீழே இறங்கினாள். சரிவு செங்குத்தானது. லாக்லன் உட்கார்ந்தே வழுக்கிக்கொண்டு வந்தார். “நல்ல முறைதாங்க இது,” என்றார் மூச்சு வாங்க.

“நில்லுங்க!”

ரோனாவின் குரலில் துள்ளல் இல்லை. இஷ்பெல் நின்றாள். அவள் காலுக்கு நாலடி முன்னால் புல் முடிந்திருந்தது. அதற்கப்புறம் வெறும் வெள்ளை. கீழே எங்கோ தண்ணீர் விழும் சத்தம்.

இஷ்பெல் ஓரடி பின்னால் வந்தாள்.

“அக்கா,” என்றாள் ரோனா மெதுவாக. “இப்ப நாம எங்க இருக்கோம்னு உங்களுக்கு நெசமாத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்ல வாய் திறந்தாள். கையெழுத்து, சங்கம், போர்வைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“தெரியாது,” என்றாள். “ஆட்டுப் பட்டிக்கு அப்புறம் எதுவுமே தெரியல.”

லாக்லன் முகம் மலர்ந்தது. “ஆகா! இதுதானா விஷயம்? இப்ப நாங்க கண்டுபிடிக்கணும், அப்படித்தான?” மண்டியிட்டு வரைபடத்தை விரித்தார். தலைகீழாக.

“அப்ப நிச்சயமாத் தெரிஞ்ச கடைசி இடம் பட்டி,” என்றாள் ரோனா. “அங்க திரும்பிப் போக முடியுமா?”

இஷ்பெல் போனை எடுத்து முதுகுப் பைக்குள் போட்டாள். திசைகாட்டியின் முள் சோம்பலாகச் சுற்றி வேறு பக்கம் போய் நின்றது. அதை வெறித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தை சொன்னாள். அப்புறம் வரைபடத்தை நிமிர்த்தினாள். வலது பக்கம் ஓடை, முன்னால் பள்ளம். அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கிருந்து பட்டிக்கு நானூறு தப்படி.

சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தாள். முந்நூற்றுத் தொண்ணூறில் ஒன்றும் தெரியவில்லை. நானூறில் ஒன்றும் தெரியவில்லை. நானூற்றுப் பதினொன்றில் லாக்லன் பட்டிச் சுவரில் முட்டிக்கொண்டார்.

“அம்மா!” என்றார். “சரியா இருக்குங்க!”

இஷ்பெல் அந்த ஈரக் கல்லைக் கட்டிப்பிடித்தாள். அங்கிருந்து அடிவாரம்வரை போன வேலிச் சுவரை விடாமல் பிடித்து இருவரையும் இறக்கிக் கூட்டிவந்தாள். ரோனா அப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அந்த மஞ்சள் ஒட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்தில் எஃபி என்ற பெண்ணின் டீ வண்டி நின்றது. ஆளுக்கொரு டீயும் பன்றிக்கறி ரொட்டியும் வாங்கினார்கள். இஷ்பெல் இரண்டு வாய் கடித்தாள். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, சங்கம் அனுப்பிய நனைந்த படிவத்தை எடுத்து லாக்லனிடம் நீட்டினாள்.

“சார், தப்பு நிறையப் பண்ணிட்டேன். கடைசியில சரி பண்ணினேன். பாத்துப் போடுங்க.”

லாக்லன் அதை வாங்கவில்லை. அவர் கையும் நீண்டிருந்தது. அதிலும் ஒரு படிவம்.

“நீங்கதாங்க போடணும்,” என்றார்.

இருவரும் ஒருவர் படிவத்தை ஒருவர் படித்தார்கள். அதே தாள். அதே தலைப்பு. கையெழுத்துக்கான அதே காலியிடம். தாள்களில் மழை சொட்டியது.

டீ வண்டிக்குள்ளிருந்து எஃபி இருவர் தலைக்கும் மேலாக ஆரஞ்சு ஜாக்கெட்டை நோக்கிப் பேனாவை நீட்டினாள்.

“இந்தா ரோனா, ரெண்டு பேருக்கும் போட்டுக் குடு, ஒழுங்காத்தான் இறங்கி வந்தாங்க, ஆமா, நீ குடுத்த உன் பழைய ஜாக்கெட்ட நேத்துதானே தர்மக் கடையில கொண்டுபோய்ப் போட்டேன், அதுக்குள்ள உன் மாணவிக்கே வித்துட்டாங்களா?”