ஏலக்காய்த் தராசில் என் மகள்

குழந்தைப் பால் பாட்டிலில் கோடு போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. எந்தக் குழந்தையோடும் அவர் ஒரு பகல் முழுக்கத் தனியாக இருந்ததில்லை என்பது மட்டும் உறுதி. தாயிடம் நேராகப் பால் குடிக்கிற பிள்ளை எவ்வளவு குடித்தது என்று யாரும் கேட்பதில்லை. குடித்தது, தூங்கியது, அவ்வளவுதான். அதே பாலை ஒரு பாட்டிலில் ஊற்றினால் கோடு கண்ணில் படும். கோடு கண்ணில் பட்டால் நிம்மதி போய்விடும்.

குமுளியில் நான் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டி. ஏலத்தோட்டம், மிளகுக்கொடி, படகுத்துறை என்று கூட்டிக்கொண்டு போய், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது என் தொழில். ஒரு யானை நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (சரியாகச் சொல்கிறேனா என்பது வேறு விஷயம். இதுவரை எந்த யானையும் வந்து மறுத்ததில்லை.) என் மகள் ஜெனி பிறந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பயணிகள் இல்லை. என் மனைவி ஸ்டெல்லா வண்டிப்பெரியாறில் டீச்சர். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். ஜெனிக்கு மூன்று மாதம்தான் முடிந்திருந்தது.

"யார்ங்க பாத்துக்குவா?" என்றாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன், யானையைப் பற்றிப் பேசும் அதே குரலில்.

ஸ்டெல்லா காலையில் பால் எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். பள்ளியிலும் இடைவேளையில், ஸ்டாஃப் ரூம் மூலையில் தொங்கும் பழைய உலகப்படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, மறுநாளுக்கு எடுத்து வருவாள். அந்தப் பால் எனக்கு ஒரு அதிசயமாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்தால் மேலே ஆடை மாதிரி ஒன்று ஒதுங்கும். கீழே இருப்பது நீலம் பாய்ந்து, எங்கள் ஊர் விடியற்கால மூடுபனியை வடிகட்டிப் பிடித்தது போல இருக்கும். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி, லேசாகச் சுழற்றினால் இரண்டும் ஒன்றாகும்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் கண் சொக்குகிறது. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். வீடு முழுக்கக் கயிறு கட்டி, காயாத குழந்தைத் துணிகளைத் தொங்கவிட்டிருப்பேன். வெள்ளைத் துணியும் வெள்ளை மேகமும் கலந்து, எது எது என்று தெரியாது. மடியில் ஜெனி. பாதி மூடிய கண்ணோடு அவள் குடிப்பாள். ஒரு விரல் என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கும். தெருவில் எங்கோ ஏலக்காய் உலர்த்தும் வாசனை. நானும் அவளும் ஒரே தூக்கத்தின் இரண்டு கரைகளில் மிதந்துகொண்டிருப்போம். பிறகு அவள் உதட்டை மூடி, தலையைத் திருப்பிக்கொள்வாள். நான் கண்ணைத் திறந்து பார்ப்பேன். பாட்டிலில் இன்னும் பால் இருக்கும்.

இந்த மிச்சம்தான் என்னை வதைத்தது. உலகப்படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்த பால். வாய் வைத்ததை எடுத்து வைக்கவும் கூடாது. சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும்.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு டெய்சி அக்கா தன் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவனுக்கும் ஏறக்குறைய ஜெனி வயதுதான். பவுடர் பால் குடிப்பவன். கன்னம் இரண்டும் தனித்தனியாக மூச்சு விடும். என் கண் முன்னாலேயே ஒரு பெரிய பாட்டிலைக் காலி செய்துவிட்டு, மேற்கொண்டு ஏதாவது உண்டா என்று என்னைப் பார்த்தான்.

"ஒங்க பிள்ள இம்புட்டுதேன் குடிக்குமா?" என்றார் டெய்சி அக்கா.

"இம்புட்டுதான்" என்றேன்.

"பாவம், பூ மாதிரி இருக்கு" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு வாடிய பூவாகக் கேட்டது.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. தன் பால் போதவில்லையோ என்று அவள் நினைத்துவிட்டால்? அதைவிட, என்னால் ஊட்டத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டால்? ஆகவே, எடை பார்த்து ரகசியமாகத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் முத்தையா அண்ணனின் ஏலக்காய்க் கடை இருந்தது. அங்கே சிவப்பு எண்கள் மின்னும் அருமையான தராசு இருந்தது. தூக்கம் இல்லாத மூளைக்கு இது பெரிய ஞானமாகத் தோன்றியது.

"பச்சப்பிள்ளய நிறுக்கலாமாப்பா? கண்ணு பட்றாது?" என்றார் முத்தையா அண்ணன்.

"சும்மா ஒரு தடவைண்ணே."

அது ஒரு குளிர்ந்த திங்கட்கிழமை. ஸ்வெட்டர், குல்லாய், காலுறை, சுற்றிலும் தடித்த கம்பளிச் சால்வை, உள்ளே, வருகிற வழியிலேயே நனைந்து கனத்த இடுப்புத் துணி. அப்படியே தட்டில் வைத்தேன். சிவப்பு எண்களை மனதில் எழுதிக்கொண்டேன். அடுத்த மூன்று நாள் நான் செய்தது ஊட்டல் அல்ல, கெஞ்சல். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் பாட்டிலோடு போவேன். உதட்டை மூடினால் பாட்டுப் பாடித் திறக்க வைப்பேன். வியாழக்கிழமை வெயில் வந்தது. டெய்சி அக்கா அன்பாகக் கொடுத்திருந்த பெரிய ஓட்டை நிப்பிளை மாட்டி, மகளை மல்லாக்கப் படுக்க வைத்து, முழுப் பாட்டிலையும் உள்ளே இறக்கினேன். அவள் திணறித் திணறி விழுங்கினாள். நான் அதைப் பசி என்று எடுத்துக்கொண்டேன்.

வெற்றிவீரனாகக் கடைக்குப் போனேன். வெயில் என்பதால் மெல்லிய பருத்திச் சட்டை, புதிதாக மாற்றிய உலர்ந்த துணி. தட்டில் வைத்தேன். சிவப்பு எண்கள் ஆடி ஆடி நின்றன. அரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது.

கடை மெதுவாகச் சுற்றியது. மூன்று நாளில் அரைக் கிலோ. இந்தக் கணக்கில் போனால் மாதக் கடைசியில் மகளே இருக்க மாட்டாள், சட்டை மட்டும்தான் இருக்கும். ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். தலைமையாசிரியை எடுத்தார். மழைக்காலத்தில் எங்கள் ஊர் சிக்னல் பாதி வார்த்தையைத்தான் கடத்தும்.

"ஸ்டெல்லாகிட்ட சொல்லுங்க, பிள்ள கொறஞ்சுகிட்டே வருது. நான் ஏலக்காக் கடையில இருக்கேன்" என்றேன்.

அங்கே போய்ச் சேர்ந்தது "பிள்ள" என்பதும் "ஏலக்காக் கடை" என்பதும் மட்டும்.

நான் போனை வைத்துவிட்டு இன்னொரு முறை நிறுக்கலாம் என்று, துல்லியத்துக்காக மகளின் துணியையும் அவிழ்த்தேன். தராசுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தாம்பாளத்தில், போடியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த வியாபாரிக்குக் காட்டுவதற்காக முத்தையா அண்ணன் முதல் தர ஏலக்காயைக் குவித்து வைத்திருந்தார். பச்சைப் பசேல் என்று, ஒரே அளவில், கிளிமூக்குக் குவியல் மாதிரி. ஜெனியை அதற்கு மேலாகத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்து ஒரு கனவுச் சிரிப்பு சிரித்தாள். பிறகு, திணித்த பால் அத்தனையையும் தாம்பாளத்தில் திருப்பிக் கொடுத்தாள். நான் பதறி அவளைத் திருப்பினேன். திருப்பியதில் மறுபக்கமும் திறந்துகொண்டது. நீண்ட நேரம் பெய்தது. வடகிழக்குப் பருவமழைகூட அவ்வளவு நிதானமாகப் பெய்து நான் பார்த்ததில்லை.

போடி வியாபாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தார். முத்தையா அண்ணன் தாம்பாளத்தை ஓரமாக நகர்த்தினார்.

அரை மணி நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஸ்டெல்லா, தலைமையாசிரியை, இன்னும் இரண்டு டீச்சர்கள். ஸ்டெல்லாவின் கையில் சாக்பீஸ்கூட அப்படியே இருந்தது. பிள்ளையை வாங்கி, தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். ஜெனி அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க ஆச்சு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போனது. ஸ்டெல்லா சால்வையைக் கேட்டாள், ஸ்வெட்டரைக் கேட்டாள், துணியைக் கேட்டாள்.

"சாக்கோட ஒரு தடவ, சாக்கு இல்லாம ஒரு தடவ நிறுத்திருக்கீங்க" என்றாள். "சரி, ஒரு நாளைக்கு எத்தன துணி மாத்துறீங்க?"

"அதை ஏன் கேக்குற. நனைச்சுக்கிட்டே இருக்கா. வீடு பூரா துணிதான்."

"குடிக்காத பிள்ளைக்கு அம்புட்டுத் தண்ணி எங்கருந்து வருது?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பள்ளிக்கூடத்துலேருந்து இங்க வர்ற வரைக்கும் என்னென்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள் மெதுவாக. அந்த நிமிடத்தில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் அதே ஜீப்பில் டாக்டரிடம் போனோம். மலையாளி அம்மா. ஜெனியை வெறும் உடம்பாக, தடுப்பூசியன்று எடை பார்த்த அதே தராசில் வைத்தார். நன்றாக ஏறியிருந்தது. "குப்பி நோக்கண்டா. கொச்சினெ நோக்கு" என்றார். பாட்டிலைப் பார்க்காதே, பிள்ளையைப் பார் என்று அர்த்தம். துணி நன்றாக நனைகிறதா, குடித்ததும் தெளிவாக இருக்கிறாளா, சில வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் எடை ஏறுகிறதா, அது போதும். பவுடர் பால் குடிக்கும் பிள்ளையோடு தாய்ப்பால் பிள்ளையை ஒப்பிடக் கூடாது, அது வேறு கணக்கு. சின்ன ஓட்டை நிப்பிள் போட்டு, நிமிர்த்திப் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டும். தலையைத் திருப்பினால் அது "போதும்" என்ற சொல்.

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் தராசில் ஏறச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் எடை குறைந்துகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான் என்பது அங்கே தெரியவந்தது. பிள்ளையின் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நான் சோறு தின்ன மறந்திருந்தேன். டீச்சர்கள் முன்னால்தான் இதையும் சொல்ல வேண்டுமா என்று அவரைக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

முத்தையா அண்ணன் பெரிய மனசுக்காரர். அந்தத் தாம்பாள ஏலக்காயை ஒரு பையில் கட்டி, "நம்ம பிள்ளதேன, கொண்டு போப்பா" என்று என்னிடமே கொடுத்துவிட்டார். முதல் தரம். தூக்கி எறிய மனசு வரவில்லை. பலமுறை கழுவி, அடுப்புக்கு மேலே உலர்த்தி, ஒரு டப்பாவில் போட்டு, அலமாரியின் பின்னால் வைத்துவிட்டு மறந்தேன்.

ஜெனியின் ஞானஸ்நான விருந்துக்குக் கம்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் மலையேறி வந்தார்கள். பாயசம் கமகமத்தது. இப்படி ஒரு ஏலக்காயைக் கண்டதில்லை என்று என் மாமனார் இரண்டாவது டம்ளர் வாங்கினார். நான் அலமாரியைப் பார்த்தேன். டப்பா இல்லை.

"நீங்க ஏன் குடிக்கல?" என்றாள் ஸ்டெல்லா, எல்லோர் முன்னாலும்.

எனக்குப் பொய் சொல்ல வராது. யானையைப் பற்றி மட்டும்தான் வரும்.

ஜெனி இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீட்டில் ஏலக்காய் டீ கொடுத்தால், இன்றைக்கும் சொந்தக்காரர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் காத்திருப்பார்கள். அவள் சமையலறை வாசலில் வந்து நின்று, மிகவும் பொறுப்பாகச் சொல்வாள்:

"பயப்படாமக் குடிங்க. இது கடையில வாங்குனது."